ஆறு மணி நேரக் கரு

மார்ச் 3, திங்கள்

கட்டுரைக்கு மதிப்பாய்வு வந்துவிட்டது. மூன்று பேர். முதல் ஆள் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். மூன்றாம் ஆள் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். இரண்டாவதுதான் வில்லங்கம் பிடித்த ஆள். ஒரே ஒரு கேள்வி: "தாய் இனத்தையும் தந்தை இனத்தையும் மாற்றிப்போட்டுச் செய்து பார்த்தீர்களா?"

செய்யவில்லை.

மேடம் கூப்பிட்டு, "மூணு வாரத்துல முடிச்சிடலாம்ல?" என்றார். தலையை ஆட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது? என் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பத்தொன்றோடு சரி. இருபத்தெட்டாம் தேதி கமிட்டி கூடுகிறது. அதற்குள் கட்டுரை ஏற்கப்பட்டால் நிரந்தர வேலை. இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒன்பது வருஷமாக இதே மேசை, இதே நாற்காலி. எனக்கு வேறு வேலை தெரியாது.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "அந்த முந்திரிக்கொட்டை விஷயம்தானே?" என்றார். பெயர் வைத்ததே இவர்தான், அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவருக்கு விளங்க வேண்டுமே என்று அன்றைக்கு இப்படிச் சொல்லியிருந்தேன்: எலியின் முட்டைக்குள் அம்மா எழுதிவைத்துவிட்டுப் போன சீட்டுகள் ஏராளமாகக் கிடக்கும். கரு உண்டானதும் முதல் நாள் குடும்பமே அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் நடக்கும். கருவின் சொந்த மரபணுக்கள் அன்று கடைசியில் லேசாக முணுமுணுக்கும், அவ்வளவுதான். வாயைத் திறந்து பேசுவது இரண்டாம் நாள், செல் இரண்டாகப் பிரிந்த பிறகு. நாங்கள் கண்டது என்னவென்றால், அப்பா வழியில் வந்த ஒரே ஒரு மரபணு மட்டும் ஆறே மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுகிறது. "சரியான முந்திரிக்கொட்டையா இருக்கும் போல," என்றார் இவர். இப்போது ஆய்வகம் முழுக்க அதே பெயர்.

அப்பாவுடையது என்று எப்படித் தெரியும் என்றால், கருப்பு எலி ஓர் இனம், பழுப்பு எலி ஓர் இனம். அந்த மரபணுவில் இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அம்மா கருப்பு, அப்பா பழுப்பு. ஆறு மணி நேரக் கருவில் கிடைத்தது பழுப்பு எழுத்து. கருப்பு முட்டையில் அந்தச் சீட்டே கிடையாது, அதையும் பார்த்தாயிற்று. மாற்றிப்போட்டு, பழுப்பு அம்மா கருப்பு அப்பா என்று செய்தால், கருப்பு எழுத்து வர வேண்டும்.

வரும். ஏன் வராது?

மார்ச் 4, செவ்வாய்

எலிக்கூடத்துச் சன்னலில் படிவம் கொடுத்தேன். கூடத்து அண்ணன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பழுப்பு அம்மாவா? அதுங்க முட்டை விடுறதுல மகா கஞ்சம்மா. ஒண்ணுக்கு நாலு கிடைச்சா பெருசு."

மார்ச் 11, செவ்வாய்

எட்டரைக்குச் சன்னல் திறந்தது. எங்களை உள்ளே விடுவதில்லை, நோய் கொண்டுபோவோமாம். எலியைக் கண்ணால் பார்ப்பது அண்ணன் மட்டும்தான். ஜோடி சேர்ப்பது, கருக்குழாயை எடுப்பது எல்லாம் அவர். தட்டில் வைத்து, மூடியில் அட்டை ஒட்டி நீட்டுவார். நான் அட்டையைப் படித்துக்கொண்டு ஓடுவேன்.

ஆறு அம்மா, இருபத்திரண்டு கரு. கஞ்சம்தான். ஆனால் என்ன அழகு! ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வட்டம், அம்மா பங்கு ஒன்று, அப்பா பங்கு ஒன்று. இன்னும் சேரவில்லை, எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. கண்ணாடிக் குழலில் ஒவ்வொன்றாக உறிஞ்சி ஒவ்வொரு குழாயில் விட்டேன். மூச்சைப் பிடித்துப் பிடித்து நெஞ்சு வலி. கரு உண்டாகாத பழுப்பு முட்டைகளும் கொஞ்சம் இருந்தன, அவற்றையும் ஃப்ரீசரில் போட்டுவைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

பழுப்பு.

இருபத்திரண்டிலும் பழுப்பு எழுத்துத்தான். கருப்பு ஒன்றுகூட இல்லை. குழாயை மாற்றிவிட்டேனா? நாளைக்கு மறுபடி இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். குட்டியின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், ஐந்து தடவை, நான் எடுக்கவே இல்லை. சளி காய்ச்சலாம். இவர்தான் போய் அழைத்துவந்தார். "அம்மாவுக்கு எலிதான் முக்கியம்"னு சொல்றா எட்டு வயசுல. சொல்லட்டும், இன்னிக்கு எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 14, வெள்ளி

மறுபடியும் பழுப்பு.

பிறகு ஒன்று தோன்றியது. பழுப்பு முட்டையில் அம்மாவே அந்தச் சீட்டை வைத்திருந்தால்? கருப்பு முட்டையை மட்டும் பார்த்தோம், பழுப்பை நாங்கள் பார்த்ததே இல்லை. தேவைப்படவில்லை, ஏனென்றால் பழுப்புதான் அப்பாவாயிற்றே. ஃப்ரீசரில் போட்ட முட்டைகளை எடுத்து ஓட்டினேன். இருக்கிறது. கரு உண்டாகாத வெறும் முட்டையிலேயே குவியல் குவியலாக இருக்கிறது.

மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அவ்ளோதானே! பழுப்பு அம்மா சீட்டைச் சேத்து வைக்கிறா. அப்ப இந்த ஜோடியில மாத்திப்போட்டுப் பாக்க முடியாதுன்னு எழுதிடு. பழைய ரிசல்ட்டுல அம்மா கருப்பு, அது அப்படியே நிக்குது." சரிதான். ஒரு ஓட்டை கிடையாது. திங்கட்கிழமை பதில் அனுப்புவதாக முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டார்:

"ரெண்டு தடவையும் ஒரே லைட்டு எரியுது. போன தடவை அம்மா கருப்புதான்னு நீ பாத்தியா?"

"அட்டையில இருந்துச்சு."

"நீ பாத்தியான்னு கேட்டேன்."

வந்த ஆத்திரத்தில், உங்க ஃப்ரிட்ஜும் எங்க வேலையும் ஒண்ணுதானா என்று கத்திவிட்டேன். இவர் தட்டுகளை அடுக்கிவிட்டுக் குட்டிக்கு மருந்து கொடுக்கப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா ஃபோன். "வேலை பர்மனென்ட் ஆயிடுச்சா? பெரியம்மா கேட்டுக்கிட்டே இருக்கா." இருபத்தெட்டாம் தேதி தெரியும் என்றேன். "நல்லபடியா நடக்கும்டி, நீ உழைச்சதுக்கு."

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு," என்றார்.

மார்ச் 17, திங்கள்

பதிலை அனுப்பவில்லை. தலைவலி என்று மேடத்திடம் பொய் சொல்லிவிட்டுப் பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம். தட்டின் மேல் இருந்த அட்டையைப் பிய்த்து அதிலேயே ஒட்டியிருக்கிறேன். அண்ணன் கையெழுத்தில் "கருப்பு × பழுப்பு". எலி வேலையில் அம்மா பெயரைத்தான் முதலில் எழுதுவோம். உலகம் பூராவும் அப்படித்தான், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதுகூட இல்லை. ஆக, அம்மா கருப்பு. சரி. அப்பாடா என்று மூடப் போனேன். கீழே என் கையெழுத்து:

"எட்டு அம்மா, முப்பத்தொரு கரு. கருப்புக்கு இது ரொம்பக் குறைவு. என்னவோ!"

கருப்பு அம்மா ஒன்றே இருபது கொடுக்கும். எட்டுக்கு முப்பத்தொன்று. ஒன்றுக்கு நாலு. எழுதியிருக்கிறேன்! நானே பார்த்து, நானே குறைவு என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

நேரே சன்னலுக்குப் போனேன். அண்ணன் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, நீங்க இங்க வந்து சேந்தது எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா. அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம் காளைப் பண்ணை. மாட்டுக்குச் சினை ஊசி போடுற இடம். ஏன்?"

"அங்க அட்டை எழுதுறப்ப யாரை முதல்ல எழுதுவீங்க?"

"காளையைத்தான். காளை பேரை வச்சுத்தானே எல்லாம். பசு பின்னாடி வரும்." சிரித்தார். "இங்க வந்தும் கொஞ்ச நாள் அப்படித்தான் எழுதிக்கிட்டிருந்தேன். அப்புறம் தாய், தந்தைன்னு கட்டம் போட்டு ஃபாரம் அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க, வசதியாப் போச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"என்னம்மா, ஏதாவது தப்பாயிடுச்சா?"

"தெரியலைண்ணே," என்றேன். அது உண்மை. இன்றைக்கு உண்மை.

மார்ச் 18, செவ்வாய்

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அதுதான் கொடுமை. அந்தப் பழைய கருக்களில் ஐந்தின் மிச்சம் ஃப்ரீசரில் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், அப்பா தருவதே இல்லை. அதன் எழுத்தைப் படித்தால் அம்மா கருப்பா பழுப்பா என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஒரு நாள் வேலை.

செய்யாமலும் இருக்கலாம். மேடம் கேட்கவில்லை. இரண்டாம் ஆள் கேட்கவில்லை. அண்ணனுக்கு எந்தப் பரிசோதனை, எந்த அட்டை என்று எதுவும் தெரியாது. மேடம் எழுதச் சொன்ன பதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தெரியாத விஷயத்தைத் தெரியாமலே விட்டுவிட்டால் அது பொய்யாகுமா?

ஆகும்டி. உனக்கே தெரியும்.

ஆனால் குட்டியின் பள்ளிக்கூடம், இவர் முதுகு வலி, அம்மா பெரியம்மாவிடம் சொல்லிவைத்திருப்பது... பத்து நாள். பத்தே பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். நிரந்தரம் ஆன பிறகு பொறுமையாகச் சோதித்து, தப்பென்றால் அப்போது திருத்திக்கொள்ளலாமே? எத்தனை பேர் அப்படிச் செய்யவில்லை?

மத்தியானம் ஃப்ரீசர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். மூன்று தடவை. மூன்றாம் தடவை மேடம் பார்த்து, "என்ன தேடுற?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம்."

மார்ச் 19, புதன்

ஐந்து குழாயையும் எடுத்துவிட்டேன். எடுத்து உருக வைத்தபின் திரும்ப வைக்க முடியாது. அதற்காகத்தான் முதலில் அதைச் செய்தேன்.

10.20: கலவை போட்டாயிற்று.

1.00: இயந்திரம் ஓடுகிறது. டீ குடிக்கப் போனேன், குடிக்கவில்லை.

2.45: கருப்பாக இருக்கட்டும். கருப்பாக இருந்துவிடட்டும். அண்ணன் அந்த ஒரு நாள் மட்டும் சரியாக எழுதியிருக்கட்டும். அந்த எட்டு கருப்பு அம்மாவுக்கும் அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கட்டும்.

4.10: பழுப்பு. ஐந்திலும்.

முந்திரிக்கொட்டையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்தது முழுக்க அம்மா விட்டுப்போன பழைய சீட்டு. இரண்டு வருஷம். இரண்டு வருஷமா அதைத் தூக்கிக்கிட்டு மேடை மேடையா ஏறி பேசியிருக்கேன்.

மார்ச் 20, வியாழன்

மேடத்திடம் சொன்னேன். குறிப்பேடு, அட்டை, ஐந்து வரைபடம், எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"நமக்குத்தான் மேடம்."

கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இந்தக் கட்டுரைதான் கடைசிப் பெரிய விஷயம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், பாவமாகத்தான் இருந்தது.

"இந்தச் சோதனையை இருபத்தொம்பதாம் தேதி செஞ்சிருக்கக் கூடாதா நீ?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். நானும் நிஜமாகவே பதில் சொன்னேன்: "அதையும் யோசிச்சேன் மேடம்."

அதற்குப் பிறகு, "சரி. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கலாம். இணையத்துல போட்டிருக்கிற பிரதியையும் எடுக்கணும். நானே கடிதம் எழுதுறேன்," என்றார்.

மார்ச் 21, வெள்ளி

மேடத்தின் கடிதம். எல்லாம் ஒழுங்கு, ஒரே ஒரு வரியைத் தவிர: "விலங்குக் கூடப் பணியாளர் ஒருவரின் தவறான குறியீட்டால் நேர்ந்த பிழை."

"இதுல பொய் என்ன இருக்கு?" என்றார்.

பொய் இல்லைதான். ஆனால் இந்த வரி நிர்வாகத்தின் கைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் அண்ணனை வெளியே அனுப்பிவிடுவார்கள். அவர் செய்தது என்ன? பதினாறு வருஷம் எழுதின மாதிரியே எழுதினார். எங்க வழக்கம் இதுன்னு அவருக்கு ஒருத்தராவது சொன்னோமா? நான் சொன்னேனா? சன்னலில் தட்டை வாங்கும்போது "அம்மா எதுண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. அதுகூட வேண்டாம். முப்பத்தொரு கருவை எண்ணினவள் நான். குறைவு என்று எழுதினவள் நான். "என்னவோ!" என்று போட்டவள் நான்.

"மேடம், அந்தப் பக்கத்தோட படத்தையும் சேத்து அனுப்பிடலாம். கரு எண்ணிக்கை பொருந்தலைன்னு பாத்தும் சோதிக்காம விட்டது நான்னு எழுதுங்க."

"உன் பேரைப் போட்டா கமிட்டி என்ன நினைக்கும்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"பிடிவாதக்காரிடி நீ." ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக டி போட்டார். வரியை அடித்துவிட்டு நான் சொன்னபடி எழுதினார். கீழே தன் கையெழுத்து, அதன் கீழே என்னுடையது. பொத்தானை அழுத்தியது அவர்தான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏழு நிமிஷம்.

மார்ச் 31, திங்கள்

மேசையைக் காலி செய்தேன். ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. அண்ணன் சன்னலில் நின்றார். விஷயம் எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது.

"என்னாலதானேம்மா?"

"உங்களாலன்னா உங்க பேரு இருந்திருக்கும்ல அதுல? எம் பேருதான் இருக்கு, போய்ப் பாருங்க."

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, பசித்தது. வீட்டுக்கு வந்து இவர் வாங்கிவைத்திருந்த ரொட்டி முழுவதையும் தின்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆறு இடத்துக்கு விண்ணப்பம். ஓரிடத்திலிருந்து பதில்: தங்கள் பெயரில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருப்பதால்... மீதியைப் படிக்கவில்லை.

செய்தது சரிதானா? யாருக்கு என்ன ஆகிவிட்டது இதனால்? எலி ஒன்றும் வந்து நன்றி சொல்லப்போவதில்லை. இவரிடம் இன்றைக்குக் கேட்டேவிட்டேன். "எனக்குத் தெரியலம்மா," என்றார். பொய்யாகவாவது சரி என்று சொல்லியிருக்கலாம் இந்த மனுஷன்.

ஜூலை 9, புதன்

மணி பதினொன்று. வீட்டில் யாருமில்லை. பள்ளிக்கூட ஆசிரியை வேலைக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாத பெண். வேறொரு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவளாம்.

நாங்கள் இணையத்தில் போட்ட கட்டுரையைப் படித்து, அதிலிருந்துதான் தன் ஆய்வைத் தொடங்கியிருக்கிறாள். பதினான்கு மாதம். நாற்பத்தோரு தடவை செய்திருக்கிறாள். ஆறு மணி நேரத்தில் அப்பாவின் எழுத்து ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டாம் நாள்தான் வந்ததாம், ஒவ்வொரு தடவையும். "உனக்குக் கை சரியில்லைம்மா என்று எங்கள் சார் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழல் பிடிக்கும்போது நடுங்குகிறதோ என்று மணிக்கட்டில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். மே மாதம் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று ஒரு தோழி உங்கள் திரும்பப்பெறும் கடிதத்தை அனுப்பினாள். நான் செய்தது சரிதான் என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தருவீர்களா? சாரிடம் காட்ட வேண்டும்."

இணைப்பில் அவள் குறிப்பேட்டின் படங்கள். நாற்பத்தொன்றையும் பார்த்தேன். அம்மா எந்த இனம், அப்பா எந்த இனம், எத்தனை கரு, ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவாக இருந்தது. குண்டு குண்டான கையெழுத்து. முப்பதாவது பக்கத்துக்கு மேல் எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது.

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். நான் அந்த ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தப் பெண் ஆயுசுக்கும் தன் கையைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பாள். திறந்தும் அவளுக்கு ஒரு வருஷம் போய்விட்டது, அதை யார் திருப்பித் தருவது?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளுடைய சாருக்கு எழுதினேன். இரண்டு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது.

"நாற்பத்தோரு சோதனைகளையும் பார்த்தேன். இந்தப் பெண்ணின் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது, தப்பு என்னுடையது."

கீழே என் முழுப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.